கிட்ஹப்பில் போடும் முன் லைசென்ஸ் பட்டியல் எடுத்துவிடுங்கள்

புது ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டை, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் விடும் முன், பைத்தானில் எழுதியது என்றால் பிப்-லைசென்சஸ், நோட்.ஜேஎஸ் என்றால் லைசென்ஸ்-செக்கர், இந்தக் கருவியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சேர்த்திருக்கும் ஒவ்வொரு லைப்ரரியும் (பிறர் எழுதிய கோட் தொகுப்பு) எந்த லைசென்ஸில், அதாவது எந்தப் பயன்பாட்டு விதிகளில், இருக்கிறதென்று பட்டியலாக வந்துவிடும். இரண்டுமே இலவசம். அதைப் பார்த்துவிட்டு உங்கள் லைசென்ஸை முடிவு செய்யுங்கள்.

எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தளர்வான லைசென்ஸ்கள் மட்டும் இருந்தால் கவலையில்லை. நடுவில் ஜிபிஎல் என்ற லைசென்ஸில் ஒரு லைப்ரரி இருந்தால் அதோடு சேர்த்து வெளியிடும் நிரல் முழுவதும் ஜிபிஎல் விதிப்படிதான் போகவேண்டும், அதிலும் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்று இருந்தால் அப்பாச்சி 2.0 லைசென்ஸ் அதோடு சேரவே சேராது. நீங்கள் ஒருத்தராக இருக்கும்போது லைப்ரரியை மாற்றுவது சின்ன வேலை. தஞ்சாவூரில் ஒருவர், மன்னார்குடியில் ஒருவர் என்று நாலு பேர் கோட் எழுதிச் சேர்த்த பிறகு லைசென்ஸை மாற்ற, பொதுவாக அத்தனை பேர் சம்மதமும் வேண்டும்.

பட்டியலில் 'அன்நோன்' (தெரியவில்லை) என்று வந்தாலோ பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தாலோ அந்த லைசென்ஸ் கோப்பை நீங்களே திறந்து படியுங்கள்.

வெளியிலிருந்து வெட்டி ஒட்டிய கோட், எழுத்துரு, படம், வரைபடத் தரவு எதுவும் இதில் அகப்படாது. வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்த் தரவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து எடுத்திருந்தால் அதற்கு ஓடிபிஎல் என்ற தரவு லைசென்ஸ் தனி, அவர்கள் பெயரைப் போட்டே ஆகவேண்டும். அப்புறம், கம்பெனி வேலையாக எழுதிய கோட் என்றால் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, உரிமை கம்பெனிக்குத்தான். முதலில் அங்கே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.