கம்மி பட்ஜெட்ல கார்: உள்ளூர்ல ஓடினதா, இறக்குமதியா, எப்படி முடிவு பண்றது

ஒரே மாடல், ஒரே வருஷம், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு வண்டி உள்ளூர்லயே ரெண்டு மூணு பேர் கைமாறி ஓடினது, பம்பர்ல கீறல், ஸ்டீயரிங் கவர் நைஞ்சு போயிருக்கு, மீட்டர்ல 1,30,000 கிலோமீட்டர். இன்னொண்ணு போன மாசம்தான் கப்பல்லேர்ந்து இறங்கினது, உள்ளயும் வெளியயும் பளபளன்னு இருக்கு, மீட்டர்ல வெறும் 62,000. பட்ஜெட் போட்டு கார் தேடற யாரா இருந்தாலும் கண்ணு ரெண்டாவதுலதான் போயி நிக்கும். எனக்கும் அப்படித்தான் நின்னுச்சு, அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்துட்டேன்.

மூணாவது மாசம் ஏபிஎஸ் லைட் எரிய ஆரம்பிச்சுது, அப்பறம் பவர் விண்டோ தானா இறங்கும், ஒரு நாள் காலைல ஸ்டார்ட்டே ஆகல. பாக்க வந்த எலக்ட்ரீஷியன் பானெட்ட கூட தெறக்கல, நேரா டிரைவர் சீட் பெல்ட்ட புடிச்சு கடைசி வரைக்கும் இழுத்தாரு. நாம தினமும் மாட்டறப்போ வெளியவே வராத அந்த கடைசி ஒரு அடி இருக்கு பாருங்க, அதுல காவி நெறத்துல ஒரு கோடு, சேறு காஞ்சு ஒட்டிப்போயி கெடந்துச்சு. கார்பெட்ட தூக்கினா ஒயர் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்து இருக்கு. வெள்ளத்துல மூழ்கின வண்டி. வித்தவங்ககிட்ட போயி நின்னா, வந்தத வந்தபடி வித்தோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு முடிச்சுட்டாங்க, என் கையிலயும் எழுத்து மூலமா எதுவும் இல்ல.

அதுக்காக இறக்குமதி வண்டியே வாங்காதீங்கன்னு சொல்ல வரல, நல்ல இறக்குமதி வண்டி வாங்கி வருஷக்கணக்கா தொந்தரவே இல்லாம ஓட்டறவங்க நிறைய பேரு இருக்காங்க. விலைய கேக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விக்கு பதில் தேடுங்கன்னுதான் சொல்றேன்: இந்த வண்டி இதுக்கு முன்னாடி எப்படி வாழ்ந்துச்சுன்னு நானே சரிபாக்க என்ன வழி இருக்கு? உள்ளூர் வண்டிக்கு சாட்சி மனுஷங்க, அதாவது பழைய ஓனர், சர்வீஸ் பண்ணின மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரங்க. இறக்குமதி வண்டிக்கு சாட்சி வெறும் பேப்பர்தான். மனுஷங்கள நேர்ல கேக்கலாம், பேப்பர படிக்கத் தெரியணும். ரெண்டுமே இல்லாத வண்டி எவ்வளவு மலிவா வந்தாலும் தொடாதீங்க.

பேப்பர்ல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அங்கதான் நம்ம ஆளுங்க அதிகமா ஏமாறாங்க. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2020ல விட்ட அறிக்கைப்படி 2015லேர்ந்து 2018 வரைக்கும் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவுலேர்ந்து 1.4 கோடி பழைய வண்டிங்க ஏற்றுமதி ஆகியிருக்கு, அதுல 10க்கு 8 போனது வருமானம் கம்மியான, நடுத்தரமான நாடுகளுக்குத்தான். இவ்வளவு வண்டி நகர்றப்போ நல்லதும் வரும் கெட்டதும் வரும், எங்கேர்ந்து வந்துச்சுங்கறத பொறுத்து பாக்க வேண்டிய பேப்பரும் மாறும்.

ஜப்பான்ல புது வண்டிக்கு 3 வருஷம் கழிச்சு, அதுக்கப்பறம் 2 வருஷத்துக்கு ஒரு தடவ ஷாகென்னு ஒரு கட்டாய பரிசோதனை உண்டு, அது செலவு புடிச்ச வேலை, அதனால அந்த தேதி நெருங்கறப்போ நிறைய பேரு நல்லா ஓடற வண்டியையே ஏலத்துக்கு விட்டுடுவாங்க. அங்கேர்ந்து வர்ற வண்டிங்களுக்கு நல்ல பேரு இருக்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். ஏலத்துக்கு வர்ற ஒவ்வொரு வண்டிக்கும் ஏலக் கூடத்தோட ஆளுங்க பாத்து ஒரு ஷீட் எழுதுவாங்க, அதத்தான் ஆக்ஷன் ஷீட்னு சொல்றோம். மேல மூலைல ஒரு கிரேடு இருக்கும். 4.5, 4ன்னா நல்ல நெலமை, 3.5ன்னா கீறல் நசுங்கல் இருக்கும் ஆனா பட்ஜெட்டுக்கு ஓகே, ஆர் அல்லது ஆர்ஏன்னு எழுத்து இருந்தா விபத்துல அடிபட்டு ரிப்பேர் பண்ணினதுன்னு அர்த்தம். இந்த ஆர், ஆர்ஏ வண்டிங்கதான் மலிவா கெடைக்கும், இங்க வந்ததும் போலி ஷீட்ல கிரேடு 4 ஆயிடும். உள்பக்கத்துக்கு தனியா ஏ, பி, சி, டின்னு போடுவாங்க. கீழ வண்டி படம் ஒண்ணு வரைஞ்சு அதுல குட்டி குட்டியா எழுத்து இருக்கும், ஏ-ங்கற எழுத்துன்னா கீறல், யுன்னா பள்ளம், டபிள்யூன்னா டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்ச எடம், எஸ்னா துரு, எக்ஸ் எக்ஸ்னா அந்த பாகத்தையே மாத்தியிருக்காங்க, பக்கத்துல இருக்கற 1, 2, 3 எவ்வளவு மோசம்ங்கறத காட்டும். முன்பக்கம் எக்ஸ் எக்ஸும் டபிள்யூவும் கூட்டமா இருந்தா அந்த வண்டி எங்கயோ பலமா மோதியிருக்கு.

ஒரு விஷயம் மறக்காதீங்க, விக்கறவர் கையில காட்டற ஷீட்ட மட்டும் நம்பாதீங்க. அத எடிட் பண்றது ஒரு மணி நேர வேலை. சேஸிஸ் நம்பர் குடுத்தா ஒரிஜினல் ஷீட்ட எடுத்து தர்ற சேவைங்க இருக்கு, கொஞ்சம் காசு கேப்பாங்க, வண்டி விலையோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்ல, நீங்களே நேரடியா வாங்குங்க. அதோட ஜப்பான் அரசு குடுக்கற எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்ட கேளுங்க, கடைசி ஷாகென் சமயத்துல மீட்டர் எவ்வளவு காட்டுச்சுன்னு அதுல பதிவாயிருக்கும். அங்க 1,41,000ன்னு இருந்து இங்க மீட்டர் 62,000 காட்டினா அப்பறம் பேச்சுக்கே எடமில்ல.

பிரிட்டன்லேர்ந்து வந்த வண்டின்னா வேலை இன்னும் சுலபம். அங்க 3 வருஷம் தாண்டின கார்களுக்கு வருஷா வருஷம் எம்ஓடி பரிசோதனை, அந்த வண்டியோட பழைய நம்பர் பிளேட் நம்பர் தெரிஞ்சா போதும், அரசாங்க வெப்சைட்ல இலவசமாவே ஒவ்வொரு வருஷமும் மீட்டர் எவ்வளவு, எதுல பெயில் ஆச்சு, எங்க துரு இருந்துச்சுன்னு வரிசையா பாத்துக்கலாம். அமெரிக்க வண்டின்னா சால்வேஜ் டைட்டில் இருக்கான்னு கட்டாயம் பாக்கணும், இன்சூரன்ஸ் கம்பெனி இது தேறாதுன்னு ஒதுக்கின வண்டிங்க அது. 2017ல ஹார்வி புயலப்போ அங்க லட்சக்கணக்கான வண்டிங்க தண்ணில மூழ்குச்சு, இந்த மாதிரி வண்டிங்க கழுவி தொடைச்சு வேற நாட்டுக்கு போறது புது விஷயம் இல்ல. 17 எழுத்து வின் நம்பர (அங்கத்த சேஸிஸ் நம்பர்) வச்சு ரிப்போர்ட் எடுத்தா பெரும்பாலும் மாட்டிடும்.

பேப்பர் சரின்னா அப்பறம் வண்டி. இது ரெண்டு வகைக்கும் பொது. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுங்க, நாலு பெல்ட்டையும். ஸ்பேர் டயர் வைக்கற குழிய தெறந்து பாருங்க, அங்க மண்ணு, துரு, புதுசா அடிச்ச கருப்பு பெயின்ட் இருந்தா ஏன்னு கேளுங்க. டயர் பக்கவாட்டுல ஒரு குறியீடு இருக்கும், அதோட கடைசி 4 இலக்கம்தான் செஞ்ச தேதி, 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர், அஞ்சாறு வருஷம் தாண்டின டயர்னா நாலையும் மாத்தற காச இப்பவே கணக்குல சேத்துக்கோங்க. எல்லா கண்ணாடிலயும் மூலைல சின்ன எழுத்துல தயாரிப்பு அடையாளம் இருக்கும், ஒண்ணு மட்டும் வேற கம்பெனி, வேற வருஷம்னா அந்தப் பக்கம் என்னவோ நடந்திருக்கு. பிரேக் பெடல் ரப்பர், கியர் நாப், டிரைவர் சீட்டோட வெளி ஓரம் இந்த மூணும் பொய் சொல்லாது, 60,000 ஓடின வண்டில பெடல் ரப்பர் மழுமழுன்னு தேஞ்சிருக்காது. அப்பறம் வண்டிய கண்டிப்பா லிப்ட்ல ஏத்தி அடிப்பக்கம் பாக்கணும், பனி பெய்யற எடங்கள்ல ரோட்டுல உப்பு தூவுவாங்க, அந்த உப்பு அடிப்பக்கத்த அரிச்சு வச்சிருக்கும், மேல பாத்தா முத்து மாதிரி இருக்கற வண்டி கீழ அப்பளம் மாதிரி உதிரும். அங்கயே சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கான்னும் பாத்துடுங்க, உள்ள இருக்கற விலை ஒசந்த உலோகத்துக்காக அத கழட்டிட்டு வெறும் பைப்ப வெல்டு பண்ணி விடறாங்க.

ஏர்பேக் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இது உயிர் விஷயம். டகாட்டா கம்பெனி ஏர்பேக் வெடிச்சு உலோகத் துண்டு தெறிச்சு ஆளுங்க செத்ததால உலகம் பூரா கோடிக்கணக்கான வண்டிங்கள திரும்ப கூப்பிட்டாங்க, அந்த ரீகால் கடிதம் போறது வண்டி முதல்ல பதிவான நாட்டுல இருந்த ஓனருக்கு, உங்களுக்கு இல்ல. சூடும் ஈரமும் அதிகமா இருக்கற எடத்துலதான் அந்த ஏர்பேக்க ஊத வைக்கற இன்ஃப்ளேட்டர் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால வண்டி கம்பெனியோட ரீகால் பக்கத்துல சேஸிஸ் நம்பர் போட்டு மாத்தியாச்சா இல்லையான்னு பாருங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.

இப்ப காசு கணக்கு. இறக்குமதில சொல்ற விலை எது வரைக்குமான விலைன்னு மொதல்ல தெளிவா கேளுங்க. எஃப்ஓபின்னா கப்பல்ல ஏத்தற வரைக்கும்தான், சிஐஎஃப்னா கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேந்து உங்க துறைமுகம் வரைக்கும். அதுக்கு மேல வரி, துறைமுக கட்டணம், பதிவு செலவு எல்லாம் தனி. பல நாட்டுல வரிய வண்டியோட வயசையும் இன்ஜின் சிசியையும் வச்சுத்தான் போடறாங்க, சில நாட்டுல இத்தன வருஷத்துக்கு மேல பழசுன்னா உள்ளயே விடமாட்டாங்க, அதனால வண்டி பிடிச்சுப் போறதுக்கு முன்னாடியே உங்க நாட்டு சுங்கத்துறை விதிய பாத்துடுங்க. என் கணக்கு இதுதான்: கையில 100 இருந்தா உள்ளூர் வண்டிக்கு 85 வரைக்கும் போகலாம், இறக்குமதி வண்டின்னா ரோட்டுல ஓடற நிலைக்கு வர்ற மொத்த செலவு 75 தாண்டக்கூடாது. மீதி முதல் வருஷத்துக்கு. ஆயில், கூலண்ட், பிரேக், பேட்டரி, டயர், டைமிங் பெல்ட் இருக்கற இன்ஜின்னா அந்த பெல்ட், கியர் பாக்ஸ் ஆயில் இதெல்லாம் எப்ப மாத்தினாங்கன்னு தெரியலன்னா மாத்தவே இல்லன்னு வச்சுக்கறதுதான் பாதுகாப்பு. சிவிடிங்கற ஆட்டோமேட்டிக் வகை கியர் பாக்ஸ்னா அதுக்குன்னு இருக்கற ஆயில்தான் ஊத்தணும், கெடைச்ச ஆயில ஊத்தினா கியர் பாக்ஸே போயிடும்.

பார்ட்ஸ் விஷயத்துல உள்ளூர் வண்டிக்கு பெரிய பலம் இருக்கு. பேரு ஒண்ணா இருந்தாலும் ஜப்பான் சந்தைக்கு செஞ்ச வண்டில இன்ஜினும் சென்சாரும் லைட்டும் வேறயா இருக்கலாம், கடைல அதே மாடல் பேர சொல்லி வாங்கினா பொருந்தாது, சேஸிஸ் நம்பர் குடுத்துத்தான் தேடணும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க மெக்கானிக் கிட்டயும் ரெண்டு பார்ட்ஸ் கடைலயும் போயி, இந்த சேஸிஸ் நம்பருக்கு பிரேக் பேடு, முன்பக்க ஷாக் அப்சார்பர், ஹெட்லைட் இந்த மூணும் எத்தன நாள்ல கெடைக்கும், என்ன விலைன்னு கேளுங்க. மூணுல ரெண்டுக்கு ஆர்டர் போட்டுத்தான் வரும்னு சொன்னா கம்மி பட்ஜெட்காரங்களுக்கு அந்த வண்டி வேண்டாம். ரேடியோ எல்லாம் சின்ன விஷயம், ஜப்பான் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 90, 95லயே முடிஞ்சுடும்ங்கறதால பாதி ஸ்டேஷன் வராது, அத அப்பறம் பாத்துக்கலாம்.

ஹைபிரிடும் எலக்ட்ரிக்கும் இறக்குமதில ஆசை காட்டும். பேட்டரி நெலமைய ஸ்கேனர் போட்டு பாக்காம முடிவே பண்ணாதீங்க. நிசான் லீஃப்னா மீட்டர்ல பேட்டரி ஆரோக்கியத்துக்கு 12 கட்டம் இருக்கும், ஒரு கட்டம் போச்சுன்னாலே கொள்ளளவுல கிட்டத்தட்ட 15 சதவீதம் போயிடுச்சுன்னு அர்த்தம், பார்வைக்கு 12ல ஒண்ணுதானேன்னு தோணும்.

உள்ளூர் வண்டில வேற மாதிரி பாக்கணும். கடன் பாக்கி இருக்கா, பதிவுல இருக்கற பேரும் எதிர்ல உக்காந்திருக்கறவர் பேரும் ஒண்ணா, இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவுப் புத்தகத்தோட பொருந்துதா, இத மொதல்ல முடிச்சுடுங்க. பாக்கப் போறப்போ காலைல, இன்ஜின் ஆறிப்போயி இருக்கறப்போ போங்க, பானெட்ட தொட்டு பாருங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சிருந்தா ஸ்டார்ட்டிங்ல என்னவோ மறைக்கறாங்க. சர்வீஸ் எங்க பண்ணினீங்கன்னு கேட்டு அந்த மெக்கானிக்க தனியா போயி பாருங்க, ஓனர் கூட இல்லாம. நாலு பில்லு பத்திரமா வச்சிருக்கறவரோட 1,30,000 கிலோமீட்டர் வண்டி, ஒரு பேப்பரும் இல்லாத 62,000 வண்டிய விட எவ்வளவோ மேல், அதுல எத மாத்தியாச்சு எத மாத்தணும்னு உங்களுக்கு தெரியும், செலவ திட்டம் போட்டு செய்யலாம்.

அதனால என் முடிவு இப்படி: உள்ளூர்ல ஒண்ணு ரெண்டு கை மட்டும் மாறின, சர்வீஸ் விவரம் இருக்கற வண்டி கெடைச்சா, பழசா தெரிஞ்சாலும் அதுக்கே போங்க. அப்படி கெடைக்கல, இல்ல உள்ளூர்ல பழைய வண்டி விலை அநியாயத்துக்கு ஏறிக் கெடக்குன்னா இறக்குமதிக்கு போங்க, ஆனா உங்க ரோட்டுல ஏற்கனவே நிறைய ஓடற மாடலா, சரிபாத்த ஷீட்டோட, அந்த 25 கையில மிச்சம் இருக்கணும்.

எதுவா இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்கற அன்னிக்கு ஒரு பேப்பர்ல சேஸிஸ் நம்பர், மீட்டர் ரீடிங், வெள்ளத்துல மூழ்கல, பெரிய விபத்து இல்ல, இது பொய்னு தெரிஞ்சா பணம் திரும்பன்னு எழுதி கையெழுத்து கேளுங்க. நான் ரெண்டாவதா வண்டி தேடினப்போ மூணு பேர்கிட்ட இத நீட்டினேன், ரெண்டு பேரு அதெல்லாம் பழக்கம் இல்லன்னு பேச்ச மாத்தினாங்க, மூணாவது ஆளு சட்டைப்பைலேர்ந்து பேனாவ எடுத்தாரு, அவரு வண்டியத்தான் இப்ப ஓட்டிட்டு இருக்கேன்.