சிகிச்சைச் சவாரிக்குக் குதிரை கொடுப்பது எப்படி? ராணியை அனுப்பிய கதை

எங்கள் ராணி ஒன்பது வருடம் நுவரெலியாவில் கிரகறி வாவிப் பக்கம் சுற்றுலா வருபவர்களைச் சுமந்தவள். பதினான்கு வயதானதும் ஏப்ரல் சீசன் கூட்டத்திலிருந்து அவளை எடுத்துவிட நினைத்தேன். கொழும்புப் பக்கம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சவாரிப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்குக் குதிரை வேண்டுமாம் என்று கேள்விப்பட்டேன். ராணி சாதுவானவள்தானே, உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன், ஆனால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு செய்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கால்களைப் பாருங்கள். குதிரை நடக்கும்போது சவாரி செய்பவரின் இடுப்பு, நாம் நடக்கும்போது அசைவது போலவே அசைகிறது, பிள்ளைக்குக் கிடைக்கும் பயிற்சியே அதுதான். குதிரை நொண்டினால் அந்த அசைவும் கோணலாகிவிடும். தார் ரோட்டில் நேராக ஓடவிட்டு லாடச் சத்தத்தைக் கேளுங்கள், நான்கு காலும் ஒரே சீராக விழ வேண்டும். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். வலிமருந்து கொடுத்துவிட்டுக் காட்டாதீர்கள், மருந்தின் வேகம் தீர்ந்ததும் எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்தது எடை. தராசு தேவையில்லை. நெஞ்சுச் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புற முனை வரையான நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். எல்லா அளவும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். தையல்கார டேப் 150 சென்டிமீட்டர்தான், அது பத்தாது. நீளாத சணல் கயிறு ஒன்றால் அளந்துவிட்டுக் கயிற்றை அளப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. ராணிக்குச் சுற்றளவு 155, நீளம் 148, ஆக 300 கிலோ மட்டில். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் அவளுக்கு 60 கிலோ.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். சிகிச்சைச் சவாரியில் ஒருவர் முன்னால் பிடித்து நடக்க, இரண்டு பக்கமும் ஆட்கள் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு வருவார்கள். பிள்ளையோ சக்கர நாற்காலியில் வந்து மேடையிலிருந்து ஏறும். ராணிக்குப் பழக்கமெல்லாம் இடது பக்கம் ஒரே ஒரு ஆள்தான். பார்க்க வந்தவர்கள் நாற்காலியை உருட்டி வந்ததும் மூக்குத் துவாரம் விரிந்து, வயிற்றுத் தோல் நடுங்கி, அப்படியே பின்னுக்குப் போனாள்.

பக்கத்து லயத்துப் பாட்டியின் பழைய நாற்காலியை வாங்கி வந்து ஒரு வாரம் அவள் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நாளும் பயம் கூடியதே தவிர குறையவில்லை. லாடம் அடிக்க வந்த அண்ணன்தான் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவகிட்ட கொண்டு போகாதீங்க தம்பி, நீங்க முன்னால தள்ளிக்கிட்டு போங்க, அவ பின்னால வரட்டும்." தன்னைவிட்டு விலகிப் போகிற பொருளைக் குதிரை துரத்திப் பார்க்கும் என்றார். அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் கழுத்தை நீட்டிக் கைப்பிடியை மோந்தாள். ஐந்தாம் நாள் இருக்கையில் வைத்த வாளியிலிருந்து தவிடு தின்றாள். அப்புறம் கொழுந்து பறிக்கும் அக்காமார் இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சீலையை உதறிக் காட்டினோம், பந்து உருட்டினோம், வலது பக்கமிருந்தும் ஏறிப் பழக்கினோம். மேடைக்குப் பக்கத்தில் மூன்று நிமிடம் அசையாமல் நின்றால்தான் அடுத்த பழக்கம் என்று வைத்துக்கொண்டோம்.

கொடுக்கும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். ஏற்புவலித் (டெட்டனஸ்) தடுப்பூசி, பூச்சி மருந்து, பல் ராவிய தேதிகள் கட்டாயம் வேண்டும். சோதனைக் காலம் எத்தனை நாள், பொருந்தாவிட்டால் குதிரை உங்களிடமே திரும்புமா, வேறு ஆளுக்கு விற்கமாட்டார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள். கெட்ட பழக்கத்தை மறைக்காதீர்கள். வயிற்றுவார் இறுக்கும்போது ராணி கடிக்கத் திரும்புவாள் என்று சொல்லிவிட்டேன், அவர்கள் இப்போது இரண்டு தடவையாக மெதுவாக இறுக்குகிறார்கள்.

லொறியில் ஏற்றச் சரிவுப் பலகை கிடைக்காவிட்டால், லொறித் தட்டின் உயரத்துக்குச் சரியான மண்மேட்டில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்துங்கள். தட்டில் மரத்தூள் கனமாகப் போடுங்கள். தலைவார் தோலில் இருக்கட்டும், நைலோன் வேண்டாம், விழுந்து மாட்டினால் அது அறாது. நாங்கள் இரவில் ஹற்றன் வழியாக இறங்கினோம். வளைவுகளில் அவசரமே படாத டிரைவராகப் பார்த்துப் பிடியுங்கள்.

பின்னால் சேர்த்தது: கீழே போனதும் குதிரைக்கு வியர்த்துக் கொட்டுகிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், இந்தக் குளிருக்கு வளர்ந்த மயிரோடு கொழும்பு வெயிலில் இறங்கினால் தாங்காது. ராணிக்கும் அப்படித்தான் ஆனது, அங்கே போன பிறகுதான் மயிரைக் கத்தரித்தார்கள். நீங்கள் அனுப்பும் முன்பே கத்தரித்துவிடுங்கள், நக்க உப்புக்கட்டி கூடவே கொடுத்துவிடுங்கள், முதல் இரண்டு மூன்று வாரம் காலை வேளையில் மட்டும் கொஞ்சமாக நடக்கவிடச் சொல்லுங்கள்.