இலவச மனநல ஒர்க்‌ஷாப்: நடத்துறவங்களும் போறவங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்க ஏரியா கிளை நூலகத்து மாடியில ஆறு வருஷமா இலவச மனநல ஒர்க்‌ஷாப் நடத்துறோம், வாசகர் வட்டத்துல இருக்குற நாலஞ்சு பேரு சேர்ந்து, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை. நான் டாக்டர் இல்ல. சேர் போடுறது, மைக் பாக்குறது, வர்றவங்கள வாங்கன்னு சொல்லி உக்கார வைக்கிறது, இதான் என் வேலை. வாசல்லயே நிக்கிறதால ஒண்ணு நல்லா தெரியும், மாடிப்படி ஏறி வர்ற ஒவ்வொருத்தரும் உள்ள தெரிஞ்ச மூஞ்சி எதாவது இருக்கான்னு ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுதான் செருப்ப கழட்டுவாங்க. யாராவது பாத்துட்டா என்ன நினைப்பாங்களோங்குற பயம். நாங்க ஆரம்பத்துல பண்ணின தப்பு முக்காவாசி அந்த பயத்த மறந்துட்டு பண்ணினதுதான், அதான் இத எழுதுறேன்.

முதல் தப்பு ஃப்ளெக்ஸ்லயே நடந்துச்சு. "மனநல ஆலோசனை முகாம்"னு பெருசா போட்டு, பக்கத்துல தலைய புடிச்சுக்கிட்டு இருட்டுல உக்காந்திருக்குற ஒருத்தர் படம். தெருவே பாக்குற இடத்துல அந்த ஃப்ளெக்ஸுக்கு கீழ நுழைஞ்சு வரணும்னா யாருக்கு மனசு வரும்? அடுத்த தடவ "தூக்கம் வரலையா, பரீட்சை டென்ஷனா, வீட்டுல ஓயாத சண்டையா, வாங்க பேசலாம்"னு போட்டோம், கூட்டம் வந்துச்சு. ஆனா அதுக்காக என்ன நிகழ்ச்சின்னே சொல்லாம கூப்பிட்டு வர்றதும் தப்புதான். ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பொண்ண இங்கிலீஷ் கிளாஸ்னு சொல்லி கூட்டிட்டு வந்திருந்தாங்க, விஷயம் புரிஞ்சதும் அது முடியுற வரைக்கும் தலைய நிமிர்த்தவே இல்ல.

அடுத்து ரிஜிஸ்டர். பேரு, வயசு, போன் நம்பர், அதோட "என்ன பிரச்சனை"ன்னு ஒரு கட்டமும் போட்டு ஒரே நோட்ட வரிசையா நீட்டினோம். பின்னாடி வர்றவங்க முன்னாடி எழுதுனவங்க வரிய படிச்சுட்டுதான் தன் பேர எழுதுவாங்கன்னு எங்களுக்கு தோணவே இல்ல. இப்ப எத்தன பேரு வந்தாங்கன்னு எண்ணிக்கிறதோட சரி, பேரு விருப்பப்பட்டா சொல்லலாம். போட்டோ விஷயம் இதவிட மோசம். நிகழ்ச்சி நடந்ததுக்கு ஆதாரம் வேணும்னு எடுத்த ஒரு க்ரூப் போட்டோ ஏரியா வாட்ஸப் க்ரூப்ல சுத்தி, கடைசி வரிசையில உக்காந்திருந்த ஒரு அக்காவோட மாமியார் வீடு வரைக்கும் போயிருச்சு. அவங்க அதுக்கப்புறம் வரல. நான் போன் பண்ணி மன்னிப்பு கேட்டேன், "பரவால்ல தம்பி"ன்னாங்க, அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு. இப்ப காலி சேரையும் போர்டையும் மட்டும்தான் போட்டோ எடுக்குறோம்.

பசங்க சமாச்சாரத்துக்கு வருவோம், இதுதான் பெரிய விஷயம். மனநலப் பிரச்சனைகள்ல பாதி 14 வயசுக்குள்ளயே தலை காட்டிருதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதனால எட்டாவது ஒம்பதாவது படிக்கிற புள்ளைங்கள கூப்பிடுறது ரொம்ப சரி. ஆனா அம்மா அப்பாவையும் புள்ளையையும் ஒரே ஹால்ல பக்கத்து பக்கத்துல உக்கார வெச்சுட்டு "மனசுல என்ன இருந்தாலும் தைரியமா சொல்லுங்க"ன்னா எந்தப் புள்ள வாய தொறக்கும்? மூணு தடவ இப்படி நடத்தி மூணு தடவையும் பெரியவங்கதான் பேசினாங்க, அதுவும் செல்போன பத்தி மட்டும். இப்ப பசங்களுக்கு தனியா ஒன்றரை மணி நேரம், அதே நேரத்துல கீழ பேப்பர் படிக்கிற ரூம்ல பெத்தவங்களுக்கு தனியா, கடைசி அரை மணி நேரம் மட்டும் எல்லாரும் ஒண்ணா.

கைய தூக்கி கேக்க சொல்றதையும் விட்டுட்டோம். பழைய பிஸ்கட் டப்பாவுல ஓட்டை போட்டு வெச்சிருக்கோம், எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைச் சீட்டு, ஒரே மாதிரி பென்சில். கேள்வி இல்லாதவங்களும் எதாவது கிறுக்கி போடணும், இல்லேன்னா எழுதுறவங்க யாருன்னு தெரிஞ்சுரும். முத தடவ டப்பாவ தொறந்தப்ப நாலா மடிச்ச ஒரு சீட்டு, பென்சில அழுத்தி எழுதுனதுல பேப்பர் கொஞ்சம் கிழிஞ்சே போயிருந்துச்சு: "எங்கப்பா குடிச்சுட்டு வந்தா நான் பாத்ரூம்ல லைட் போடாம உக்காந்துக்குவேன், இது வியாதியா?" அத மைக்ல படிச்சதும் ஹால்ல ஒரு சத்தம் இல்ல. வந்திருந்த மனநல கவுன்சிலர் மேடம் யாரு எழுதுனதுன்னு தேடவே இல்ல, பயந்தா ஒளிஞ்சுக்கிறது வியாதி இல்லப்பா, ஆனா அந்த பயத்த நீ தனியா சுமக்க வேண்டாம், குழந்தைங்களுக்கான உதவி எண் 1098க்கு நீயே போன் பண்ணலாம், காசு கிடையாதுன்னு சொல்லிட்டு அந்த நம்பர போர்டுல பெருசா எழுதினாங்க. நாலஞ்சு பசங்க எழுதிக்கிட்டாங்க, அதுல யாரோட சீட்டு அதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இங்க வாலண்டியர்கள் பண்ற ஒரு தப்பையும் சொல்லணும். புள்ள தயங்குதேன்னு "நீ சொல்றத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம்"னு வாக்கு குடுத்துருவாங்க. குடுக்காதீங்க. 18 வயசுக்கு கீழ இருக்குற புள்ளைக்கு பாலியல் கொடுமை நடக்குதுன்னு தெரிஞ்சா போலீஸ்ல தெரிவிக்கணும்னு 2012 போக்சோ சட்டம் சொல்லுது, அது நம்மளுக்கும் சேர்த்துதான். உயிருக்கு ஆபத்துன்னாலும் சும்மா இருக்க முடியாது. அதனால முதல்லயே "நீ பேசுறது என்கிட்டயே இருக்கும், ஆனா உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லுவேன், உனக்கு தெரியாம சொல்ல மாட்டேன்"னு சொல்லிருங்க. கேட்டுட்டு பேச்ச நிறுத்துன புள்ளையும் உண்டு, ஆனா அப்புறம் வந்து பேசுது.

கேள்வித்தாள் கதை ஒண்ணு. பிஎச்கியூ-9ன்னு ஒரு ஃபார்ம், டிப்ரஷன் இருக்கலாமான்னு பாக்குறதுக்கு, கடந்த ரெண்டு வாரத்துல மனசு எப்படி இருந்துச்சுன்னு ஒம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க். நெட்ல கிடைக்குதுன்னு ஜெராக்ஸ் எடுத்து நிறைய இடத்துல குடுக்குறாங்க. அதுல ஒம்பதாவது கேள்வி, செத்துட்டா தேவலைன்னு தோணுச்சா, உங்கள நீங்களே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சாங்குறது. நாங்க ஒருதடவ இத குடுத்து வாங்கி பைல்ல வெச்சுட்டு, அடுத்த வாரம் நிதானமா பாத்தப்ப ஒம்பதாவது கேள்விக்கு ரெண்டு பேரு 3 போட்டிருந்தாங்க, பேரும் இல்ல நம்பரும் இல்ல. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல. அன்னிக்கே பாத்து தனியா கூப்பிட்டு பேச ஆள் இல்லேன்னா அந்த ஃபார்ம கையில எடுக்காதீங்க. மார்க் கூட்டி "உங்களுக்கு டிப்ரஷன்"னு ஹால்லயே சொல்றதும் தப்பு, அது டாக்டர பாக்கணுமான்னு காட்டுற ஒரு அடையாளம், அவ்ளோதான்.

தற்கொலைய பத்தி பேசுனா அந்த எண்ணத்த நாமளே கிளப்பி விட்ட மாதிரி ஆயிரும்னு நிறைய பேரு அந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டாங்க. அப்படி கிடையாது, சாகணும்னு தோணுதான்னு நேரடியா, கனிவா கேக்குறது அந்த எண்ணத்த உண்டாக்காது, கேட்டதும் பாரம் இறங்குன மாதிரி அழுதவங்கள நான் பாத்திருக்கேன். பேசக்கூடாதது எப்படி பண்ணாங்க, எத வெச்சு பண்ணாங்கங்குற விவரம். அப்புறம் முயற்சி பண்ணி பொழச்சவங்க வீட்டுல போலீஸ் கேஸ் ஆயிருமோன்னு பயந்து ஆஸ்பத்திரிக்கே லேட்டா போறாங்க, 2017 மனநலச் சட்டம் அப்படிப்பட்டவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, இத ஒவ்வொரு கூட்டத்துலயும் சொல்லுங்க.

வர்றவங்க பக்கத்துலயும் தப்பு இருக்கு. "இவனுக்கு நல்லா நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க சார்"னு புள்ளைய விட்டுட்டு பைக்க எடுத்துட்டு போற அப்பாக்கள் நிறைய. புத்தி சொல்ற இடம் இல்ல இது, நீங்களும் கீழ வந்து உக்காரணும். வீட்டுக்கு போற வழியில "உள்ள என்ன சொன்ன, என்ன பத்தி எதாவது சொன்னியா"ன்னு துருவுறது அதவிட பெரிய தப்பு, அடுத்த தடவ அந்தப் புள்ள டப்பாவுல வெறும் சீட்டுதான் போடும். சாப்டியான்னு மட்டும் கேளுங்க, அது போதும். இன்னொண்ணு, ஒர்க்‌ஷாப்ல யாரோ மூச்சுப்பயிற்சி சொன்னாங்கன்னு ரெகுலரா சாப்பிடுற மாத்திரைய நிறுத்தாதீங்க.

கோயில், தர்கா, சர்ச்சுக்கு போறவங்கள மூடநம்பிக்கைன்னு மேடையில திட்டுறது எங்களுக்கும் முன்ன இருந்த பழக்கம். திட்டினா அவங்க நம்மள விட்டுருவாங்க, கோயில விட மாட்டாங்க. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில, மனநலம் பாதிச்சவங்கள வெச்சிருந்த ஒரு காப்பகத்துல, 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்துல சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேரு செத்தாங்க, அந்த வேதனைய மறக்கவே கூடாது, ஆனா அதே ஏர்வாடியில தர்காவுக்கு வர்றவங்களுக்கு துவாவும், அதாவது பிரார்த்தனையும், மருந்தும் சேர்த்தே கிடைக்கிற மாதிரி பின்னாடி அரசே ஏற்பாடு பண்ணுச்சு. கயிறு கட்டிக்கோங்க, மாத்திரையும் போடுங்கன்னு சொன்னா கேக்குறாங்க.

நேரமும் முக்கியம். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வெச்சா வேலைக்கு போற ஆம்பளைங்க ஒருத்தர் வர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்துனோம், ஆட்டோ ஸ்டாண்ட்லயே நேர்ல போய் சொன்னோம், இப்ப ஏழெட்டு பேரு வர்றாங்க. ப்ளஸ் டூ ரிசல்ட் வர்ற வாரத்துக்கு முன்னாடி கண்டிப்பா ஒண்ணு வைங்க, வந்ததுக்கு அப்புறம் இல்ல.

எல்லாத்தையும் விட பெரிய தப்பு, டீ குடுத்து நன்றி சொல்லி லைட்ட அணைச்சுட்டு போயிர்றது. ரெண்டு மணி நேரம் பேசி ஒருத்தர் மனச தொறந்து விட்டுட்டு, நாளைக்கு காலையில அவங்க எங்க போவாங்கன்னு சொல்லாம அனுப்பக் கூடாது. 14416 டெலி மானஸ், போன்லயே மனநல ஆலோசனை குடுக்குற அரசு சேவை, 2022ல ஆரம்பிச்சது, நம்ம ஊர்ல நட்புடன் உங்களோடுன்னு பேரு, 24 மணி நேரமும் தமிழ்லயே இலவசமா பேசலாம். இந்த நம்பர ஸ்லைடுல மட்டும் போடாம எல்லாரும் அங்கயே போன்ல சேவ் பண்ற வரைக்கும் நில்லுங்க, பேர "நட்பு"ன்னு போட்டுக்க சொல்லுங்க, யாராவது போன எடுத்து பாத்தாலும் தெரியாது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, ஆனா "ஜிஎச் போங்க"ன்னு சொன்னா யாரும் போறதில்ல. நாங்க முன்கூட்டியே போய் விசாரிச்சு வந்து சின்னச் சீட்டு அடிச்சு வெச்சிருக்கோம், எந்தக் கிழமை, எத்தன மணிக்கு ஓபி சீட்டு போடணும், எந்த மாடி, எந்தக் கதவு, கூட வர ஆள் வேணும்னா யார கேக்கணும். அத மேஜையில வைக்கிறதில்ல, எடுக்குறத மத்தவங்க பாப்பாங்கன்னு. கிளம்பும்போது குடுக்குற பிஸ்கட் பாக்கெட்டோட சேர்த்து எல்லார் கையிலயும் ஒண்ணு குடுத்துர்றோம்.