சொந்தக் குளத்தின் கரை: கட்டும்போதும் கட்டிய பிறகும் கவனிக்க வேண்டியவை

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் பண்ணை வீடு வைத்திருப்பவர்கள் ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கரில் கரை எழுப்பித் தண்ணீர் தேக்கி, படகு விடவும் தூண்டில் போடவும் குளிக்கவும் வைத்துக்கொள்வது கூடிவருகிறது. அணை என்று யாரும் சொல்வதில்லை, குளம் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் தரைமட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் அது அணைதான். ஓர் ஏக்கரில் தரைக்கு மேல் மூன்றரை அடி தேங்கினால் சுமார் 43 லட்சம் லிட்டர், அதாவது 4,300 டன். கரை பிய்ந்தால் அவ்வளவும் பக்கத்து வயலுக்குத்தான் போகும்.

அரசு வந்து பார்க்குமா என்றால், வராது. 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு, வெள்ள வெளியேற்றம் போன்ற அளவுகளில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டும் சேரும். ஆறடிக் கரை அதன் பார்வையில் படாது. ஆகவே உரிமையாளரே கண்காணிப்பாளரும்.

தோண்டலாம், உயர்த்த வேண்டாம்

டெல்டாவுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். தரைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் உடைத்துக்கொண்டு ஓடாது. பத்தடி ஆழம் வேண்டுமென்றால் ஆறேழு அடி தோண்டி, மீதிக்கு மட்டும் கரை போடுங்கள். ஆனால் தோண்டுமுன் நான்கு மூலையிலும் நடுவிலும் சோதனைக் குழி வெட்டிப் பாருங்கள். பழைய ஆற்றுத் தடங்களில் களிக்கு அடியில் மணல் படுகை ஒளிந்திருக்கும். அதைத் தொட்டுவிட்டால் குளம் நிற்காது. கடலோர வட்டங்களில் ஆழம் போனால் உப்புநீர் ஏறும்.

மண்ணையும் சோதியுங்கள். பட்டாணி அளவு உலர்ந்த கட்டியை ஒரு கண்ணாடித் தம்ளர் மழைநீரில் அசைக்காமல் போட்டு, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கட்டி சரிந்து குவிந்தால் பரவாயில்லை. சுற்றிலும் பால் போலக் கலங்கிப் பரவினால் அது கரைந்தோடும் களி. அதில் நூல் அளவு கசிவும் சில மணி நேரத்தில் ஓட்டையாகிவிடும். அந்த மண் கரைக்கு வேண்டாம்.

வேலை தொடங்குமுன் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் புல வரைபடமும் பாருங்கள். நிலத்துக்குள் புறம்போக்கு வாய்க்காலோ வடிகாலோ போனால் அதை அடைக்கவும் வளைக்கவும் உங்களுக்கு உரிமை இல்லை. ஆற்று வாய்க்காலிலிருந்து தண்ணீர் எடுக்க நீர்வளத் துறை அனுமதி வேண்டும். தோண்டிய மண்ணை வெளியே விற்பது கனிமவளச் சட்டத்துக்குள் வரும் விஷயம். கரைக்கே பயன்படுத்திவிடுவதுதான் சுலபம்.

கரை

ஆறடி உயரக் கரைக்கு மேற்பரப்பு எட்டடி அகலம். உள்பக்கம் ஓரடி உயரத்துக்கு இரண்டரை அடி, வெளிப்பக்கம் இரண்டடி சரிவு. அப்படியானால் அடியகலம் 35 அடி. இவ்வளவு இடமா என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இடத்தை மிச்சம் பிடித்துச் செங்குத்தாக எழுப்பிய களிக்கரைதான் முதல் மழையிலேயே சரிகிறது. புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் முக்கால் அடிக்கு வழித்துவிட்டு, கரையின் நடுக்கோட்டில் ஐந்தடி அகலம், மூன்றடி ஆழத்துக்கு அகழி வெட்டி நல்ல களியால் இறுக்கி நிரப்பிய பிறகே மேலே ஏற வேண்டும்.

மண்ணை அரையடி அடுக்காகப் பரப்பி, பாரம் ஏற்றிய டிராக்டர் அல்லது ரோலரை எட்டுப் பத்து தடவை ஓட்டுங்கள். பொக்லைன் வாளியால் மேலே தட்டுவது இறுக்கம் ஆகாது. கரை கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. ஈரப் பதம் பார்க்க, மண்ணை உருட்டிப் பென்சில் கனத்துக்குத் திரியுங்கள். உடையாமல், கையில் ஒட்டாமல் வந்தால் சரி. கரை பின்னால் அமரும் என்பதால் வேண்டிய உயரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போடுங்கள்.

கலிங்கு

நீர் வெளியேற மதகுக் குழாயைக் கரைக்குள் புதைக்காதீர்கள். குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி ஓடும் கசிவு மண்ணை அரித்துக்கொண்டே போகும். சிறிய குளத்துக்குக் கரைக்கு மேலே ஏறி வெளியே இறங்கி, மோட்டார் இல்லாமலே நீரை இழுத்துக் கொட்டும் சைபன் குழாய் போதும். 4 அங்குல பிவிசி, உள்முனையில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும், வலைக்கூண்டு போட்ட ஃபுட் வால்வ், உச்சியில் தண்ணீர் ஊற்ற மூடியோடு ஒரு டீ இணைப்பு, வெளிமுனையில் கேட் வால்வ். இணைப்பில் காற்று ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு இணைப்பையும் தண்ணீர் நிரப்பிச் சோதியுங்கள். ஓர் ஏக்கர் குளத்தை இது நாளொன்றுக்கு முக்கால் முதல் ஓரடி வரை இறக்கும். அதற்கு மேல் வேகமாக இறக்கினால் ஊறிய உள்சரிவு வழுக்கி விழும்.

ஆனால் மழைக்கு சைபனை நம்பக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் 25 ஏக்கரிலிருந்து உங்கள் குளத்துக்கு நீர் வருகிறது என்று வையுங்கள். 10 சென்டிமீட்டர் மழையில் பாதி வழிந்து வந்தாலே 50 லட்சம் லிட்டர். சைபனுக்கு அது நான்கைந்து நாள் வேலை. மிஞ்சிய நீர் தானாக வழிந்து வெளியேறும் வாயான கலிங்கு இதற்குத்தான். மணிக்கு 80 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்து, அதில் பாதிக்குச் சற்று மேல் வழிந்து வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,300 லிட்டர் வரும். கலிங்கின் மேல் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஓடுவதாகக் கணக்கிட்டால் 16 அடி அகலம் வேண்டும். கலிங்கு மட்டத்துக்கு மேல் கரை இரண்டரை அடி நிற்க வேண்டும். கலிங்கை மண் கொட்டிய கரையில் வைக்காமல், ஓரத்தில் வெட்டாத பழைய தரையில் வையுங்கள். கான்கிரீட் வாய், அடியில் இரண்டடி ஆழத் தடுப்புச் சுவர், வெளியே கருங்கல் பாவல்.

டெல்டாவில் ஒரு சிக்கல் உண்டு. நிலம் தட்டை. பெருமழையில் வடிகாலே மேலேறி நிற்கும், கலிங்கு வழிய இடமிருக்காது. பக்கத்துப் பாலத்தில் வெள்ளம் நின்ற கறையைப் பாருங்கள், ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். கலிங்கின் வாய் அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இடமில்லையென்றால் குளத்தின் நீர்மட்டத்தைத்தான் குறைக்க வேண்டும், வேறு வழியில்லை. புரட்டாசி முடிவில் சைபனைத் திறந்து இரண்டடி காலியாக வைப்பதும் உதவும்.

மீன் போய்விடும் என்று கலிங்கில் வலை கட்டுவார்கள், பலகை சொருகுவார்கள். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வந்து அந்த வலையில் அண்டினால் கலிங்கு அடைபட்டு, தண்ணீர் கரைமேல் ஏறிவிடும். வலை வேண்டுமானால் கலிங்குக்கு இருபதடி உள்ளே, அரைவட்டமாக அகலக் கட்டுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் கழற்றிவிடுங்கள்.

நண்டு, எலி, தென்னை, வெடிப்பு

வயல் நண்டும் எலியும் துளைத்த கரைதான் எங்கள் பகுதியில் ஓசையில்லாமல் போவது. வளையை மேலோட்டமாக அடைப்பதும் சிமெண்ட் பால் ஊற்றுவதும் வீண். பின்னால் இடைவெளி அப்படியே இருக்கும். முடிவு தெரியும்வரை வெட்டித் திறந்து, ஈரக் களியை நாலங்குல அடுக்காகத் திமிசால் இடித்து நிரப்புங்கள்.

கரையில் அழகுக்குத் தென்னை வைக்காதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்று தெரியும். சாயும் மரம் தூரோடு கரையையும் பெயர்த்துவிடும். பட்டுப்போன மரம் இன்னும் மோசம், மக்கிய வேர் குழாயாகிவிடும். ஏற்கெனவே மரம் இருந்தால் கோடையில் வெட்டி, தூரைத் தோண்டியெடுத்து அடுக்கடுக்காக நிரப்புங்கள். கரைக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும்.

சித்திரையில் குளம் வற்றினால் களிக்கரை வெடிக்கும். வெடிப்பில் மணலைக் கொட்டாதீர்கள், அது தண்ணீருக்கு வழியாகும். ஓரடி ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, ஈரக் களி இடித்து, மேலே அரையடி செம்மண் பரப்பிப் புல் வளர்த்தால் அடுத்த ஆண்டு வெடிப்பு குறையும்.

ஆட்கள் இறங்கும் குளம்

குளிக்கும் பக்கம் பத்தடி அகலத்துக்கு மூன்றடி ஆழத் தட்டு விட்டு, அதற்கப்பால் மிதவைக் கயிறு கட்டுங்கள். ஈரக் களிச் சரிவில் நல்ல நீச்சல்காரராலும் ஏற முடியாது. நான்கு இடத்தில் கருங்கல் படியும், பிடிக்கக் கயிறும் வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை. கலிங்குக்கும் சைபன் வாய்க்கும் 15 அடிக்குள் யாரும் போகாதபடி மிதவைக் கயிறு. கரையோர மோட்டார், விளக்கு எல்லாவற்றுக்கும், மின்கசிவு வந்தால் இணைப்பை உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி.

நோட்டுப் புத்தகம்

குளத்தில் அடி, அங்குலம் எழுதிய கம்பம் ஒன்று. கரைமேல் மூன்று கல், கொத்தனாரின் மட்ட டியூப் வைத்து ஆண்டுக்கொருமுறை உயரம் பார்த்து எழுத. கோடையில் வாரம் ஒருமுறை, மழைக்காலத்தில் தினமும் வெளிப்பக்க அடியோரமாக நடந்து பார்க்க வேண்டும். கரைமேல் நடந்தால் ஒன்றும் தெரியாது. கசிவு இருந்தால் ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை நொடி என்று எழுதி, அந்தப் பாட்டிலை இரவு முழுக்க வைத்துவிடுங்கள். நீர் தெளிவாக, வேகம் மாறாமல் இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். அடியில் மண் படிந்தால் அன்றைக்கே சைபனைத் திறக்க வேண்டும்.

கலங்கிய நீர் குமிழியிட்டு வந்தால் அதன் வாயை அடைக்காதீர்கள், வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். சுற்றிலும் வட்டமாக மணல் மூட்டை அடுக்கி, நீர் தெளிந்து வரும்வரை உயர்த்துங்கள். ஓட்டையை உள்பக்கத்தில் தார்ப்பாயும் களி மூட்டையும் போட்டு அடைக்க வேண்டும். உள்ளே இழுக்கும் சுழி தெரிந்தால் தண்ணீரில் ஆளை இறக்காதீர்கள், கரையிலிருந்தே தள்ளுங்கள். மட்டம் கரை உச்சிக்கு ஓரடிக்குள் வந்துவிட்டால் கீழ்ப்பக்க வீடுகளுக்கு ஆள் அனுப்பிவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077க்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கரையின் நடுவில் கை வைக்காமல், கலிங்குக்கு அப்பால் பழைய தரை உள்ள ஓரத்தில், வடிகால் பக்கமாக வெட்டுங்கள்.