குடு மானுக்கு எந்தத் தோட்டா?

எங்கள் இறைச்சிக்கடைக்கு வரும் வேட்டைக்கார இளவட்டங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, துப்பாக்கி .308 வாங்கவா, .300 மேக்னம் வாங்கவா?" நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்பேன். எந்த விலங்கைச் சுடப் போகிறாய்? எவ்வளவு தூரத்தில் நின்று? சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதைப்பை எவ்வளவு உன் தோள் சங்கடமில்லாமல் தாங்கும்? இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, எந்த அளவுக் குழல் என்பது, தானாக வந்து நிற்கும். பெரும்பாலானவர்கள் காலிபரை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்றதை அதற்கேற்ப வளைக்கப் பார்க்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதில் அவசரமே கூடாது. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முதலில் தகுதிச் சான்றிதழ், அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனி லைசென்ஸ். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவர்கள் 15-ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிப்பார்கள். அந்தப் பிரிவில் ஒருவருக்கு நான்கு துப்பாக்கிக்கு மேல் கிடையாது, ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. லைசென்ஸ் இல்லாத காலிபரின் தோட்டா ஒன்றுகூட உங்கள் பையில் இருக்கக் கூடாது. வாங்கிய காலிபர் ஒத்துவரவில்லை என்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி மாதக்கணக்கில் காத்திருப்பு. அதனால் வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து யோசியுங்கள்.

நானும் வேட்டைக்குப் போகிறவன்தான். ஆனால் தோட்டாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வெட்டுமேசையில் கற்றது. டர்பனுக்கு வடக்கே ஸ்டாங்கரில் எங்களுக்கு இறைச்சிக்கடை. மே முதல் ஆகஸ்ட் வரை, குளிர்காலம் முழுக்க, சூலுலாந்துப் பண்ணைகளிலிருந்து பக்கியில் (பின்பக்கம் திறந்த சின்ன வண்டி) வேட்டை உடல்கள் வந்து இறங்கும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரங்களில் நம் ஆட்கள் கறி எடுக்க மாட்டார்கள். அப்போது வருவதெல்லாம் பில்டாங்குக்கு, அதாவது உப்புக்கண்டம் போடப் போகும். தோலை உரித்ததும் குண்டு (தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி) நுழைந்த இடம், போன வழி, நின்ற இடம் மூன்றும் கண்ணெதிரே இருக்கும். சுட்டவரிடம் காலிபர், குண்டின் எடை, தூரம் கேட்டு, உடலில் கட்டும் அட்டையிலேயே எழுதிவிடுவேன். கீழே சொல்வது அந்த அட்டைகளிலிருந்து வந்தது.

முதலில் விலங்கு. நம் பக்கம் அதிகம் சுடப்படுவது இம்பாலா மான், 40 முதல் 60 கிலோ. நியாலா மானுக்கு சூலுலாந்துதான் தாய்வீடு; அதன் ஆண் 100 கிலோவைத் தாண்டும். குடு ஆண் 200 முதல் 270 கிலோ வரை வரும். நீல வில்டபீஸ்ட் ஆணும் ஏறக்குறைய அந்த எடைதான், ஆனால் அதன் எலும்பும் உயிர்ப்பிடிப்பும் வேறு ரகம். அதை ஏழையின் காட்டெருமை என்று இங்குள்ள பண்ணைக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை. மான்களிலேயே பெரிய ஈலாண்ட் ஆண் 600, 700 கிலோ, அதற்கு மேலும் போகும்.

அடுத்தது தூரம். சூலுலாந்தின் ம்குஸே, பொங்கோலா முள்காடுகளில் 60 முதல் 120 மீட்டருக்குள்தான் பெரும்பாலும் சுடக் கிடைக்கும். வறண்ட கரூவின் வெட்டவெளியில் ஸ்பிரிங்பாக் மான், ஃப்ரீ ஸ்டேட் மாகாணப் புல்வெளியில் பிளெஸ்பாக் மான் என்றால் 200, 250 மீட்டர் சாதாரணம். இரண்டு இடத்துக்கும் ஒரே துப்பாக்கியைக் கொண்டுபோகலாம், ஆனால் ஒரே குண்டைக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது காலிபர்கள். .243 வின்செஸ்டர் 1955-இல் வந்தது. 100 கிரெய்ன் (குண்டை நிறுக்கும் சின்ன எடையளவு) குண்டோடு இம்பாலாவுக்கும் ஸ்பிரிங்பாக்குக்கும் அருமையானது. பிள்ளைகள் சுடப் பழகவும் நல்லது. குடுவுக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். சுட முடியும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. விலங்கு நேராகப் பக்கவாட்டில் நின்றால் முடியும்தான். ஆனால் அது எப்போதும் அப்படி நிற்காது.

7x57 மவுசர் 1892-இல் பிறந்தது. 1899 முதல் 1902 வரை ஆங்கிலேயரோடு நடந்த போரில் போயர்கள் (டச்சு வம்சாவளிப் பண்ணைக்காரர்கள்) கையிலிருந்தது இதுதான். பழைய பண்ணை வீடுகளில் இன்னும் தாத்தாவின் மவுசர் ஒன்று இருக்கும். உதைப்பு மென்மை, 140 முதல் 175 கிரெய்ன் வரை குண்டு கிடைக்கும், குடு வரைக்கும் போதும். அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் இதே தோட்டாவால் யானைகளை வீழ்த்தினாரே என்று சிலர் கிளம்புவார்கள். அவர் பயன்படுத்தியது விரியாத முழு உலோக உறைக் குண்டு. யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, குண்டு எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற படிப்பைத்தான்.

.270 வின்செஸ்டர் (1925) வெட்டவெளிக்கு ஏற்றது, குண்டு அதிகம் தாழாமல் போகும். முள்காட்டுக்குக் கொண்டுவந்தால் 130 கிரெய்னை வீட்டில் வைத்துவிட்டு 150 கிரெய்ன் போடுங்கள். 6.5 கிரீட்மூர் 2007-இல் வந்த புதுசு. உதைப்பு குறைவு, நல்ல குண்டும் பொறுமையான கையும் இருந்தால் குடு வரை போகும்.

.308 வின்செஸ்டர் (1952), .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் (1906) இரண்டுக்கும் நடுவே நடக்கும் சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். 180 கிரெய்ன் குண்டு முன்னதில் வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும், பின்னதில் 820 மீட்டர் அளவில். அந்த வித்தியாசம் குடுவுக்குத் தெரியாது. .308-இன் தோட்டா சின்னக் கடையில்கூடக் கிடைக்கும், விலையும் குறைவு, அதனால் அதிகம் பழகலாம். ஈலாண்ட்தான் உங்கள் ஆசை என்றால் .30-06-இல் 200, 220 கிரெய்ன் வரை கனமான குண்டு போடும் வசதி உண்டு. .300 வின்செஸ்டர் மேக்னம் (1963) அதே 180 கிரெய்னை 900 மீட்டர் வேகத்தில் தள்ளும். நீண்ட தூரத்துக்கு நல்ல தோட்டா. நம் முள்காட்டில் 70 மீட்டரில் அந்த வேகம் என்ன செய்யும் என்பதைத்தான் மேசையில் நான் பார்க்கிறேன்.

போன சீசனில் ம்குஸே பக்கமிருந்து வந்த ஒரு குடு: .300 மேக்னம், 150 கிரெய்ன் சாதாரண மென்முனைக் குண்டு, 70 மீட்டர் என்று அட்டையில் இருந்தது. தோலை இழுத்ததும் தோள்பட்டையிலிருந்து நாலாவது விலா வரை கறுத்து உறைந்த ரத்தம். தோள் எலும்பு சில்லுசில்லாகக் கிடந்தது. குண்டின் செம்பு உறை கிழிந்து ஒரு பக்கம், ஈயம் பொடிப்பொடியாக இன்னொரு பக்கம். நெஞ்சறைக்குள் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். அந்த விலங்கு வெகுதூரம் ஓடித்தான் விழுந்திருக்கிறது. ஒரு முன்காலின் கறி முழுக்கக் குப்பைக்குப் போனது. அதே வாரம் இன்னொரு குடு: .308, 180 கிரெய்ன், ஈயத்தை உறையோடு ஒட்டிச் செய்த குண்டு, 90 மீட்டர். நுழைந்த துளை சுண்டுவிரல் அளவு. இதயத்தின் மேல்பகுதியைத் துளைத்து, மறுபக்கத் தோலுக்கடியில் வந்து நின்றிருந்தது. கத்தி நுனியால் எடுத்துக் கழுவி, வெடிமருந்து அளக்கும் தராசில் வைத்தேன்: 163 கிரெய்ன். காளான் போல அழகாக விரிந்திருந்தது. அந்தக் குடு நின்ற இடத்திலிருந்து சில அடிகளிலேயே விழுந்ததாகச் சொன்னார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், பணத்தைத் துப்பாக்கியின் பெயருக்குக் கொட்டாமல் குண்டுக்குச் செலவழியுங்கள். சாதாரணக் குண்டு என்றால் மெல்லிய செம்பு உறைக்குள் ஈயம். மிதமான வேகத்தில் இம்பாலாவுக்கு அது போதும். கிட்டத்தில், அதிக வேகத்தில், பெரிய எலும்பில் பட்டால் சிதறும். பெரிய விலங்குக்கு ஒட்டிய குண்டு, அல்லது 1948-லிருந்து விற்கும் நோஸ்லர் பார்ட்டிஷன் மாதிரி நடுவில் தடுப்புச்சுவர் வைத்த குண்டு வாங்குங்கள். முன்பாதி விரியும், பின்பாதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பார்ன்ஸ் கம்பெனி செய்வது போன்ற முழுச் செம்புக் குண்டுகள் இன்னும் ஆழமாகப் போகும், எடையை இழக்காது. இவற்றில் எடையை ஒரு படி குறைத்து வாங்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட இலேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். விரிவதற்கும் அதற்கு நல்ல வேகம் வேண்டும். .308-இல் 180-க்குப் பதில் 150 அல்லது 165 கிரெய்ன் சரியாக இருக்கும்.

முழுச் செம்பைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிதறிய ஈயம் காயத்தைச் சுற்றி மட்டும் நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் ஒரு சாண் தள்ளியும் கறிக்குள் போயிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். காட்டில் விட்டுவரும் குடலைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் அதே விஷம்தான். வீட்டில் குழந்தைகளுக்குக் குழம்பு வைக்கப் போகிற கறி என்றால் செம்புக் குண்டு போடுங்கள். ஈயக் குண்டால் சுட்டிருந்தால், காயத்தைச் சுற்றி நான் தாராளமாக வெட்டி எறியும்போது தடுக்காதீர்கள்.

சரி, தோள். வலியை எதிர்பார்த்துக் கண்ணை மூடி விசையைப் பிடுங்குகிறவர் கையில் எந்தத் தோட்டாவும் உதவாது. வயிற்றில் குண்டு பட்டு வந்த உடல்களை நான் பார்க்கிறேன். அவற்றில் மேக்னம் எழுதிய அட்டைகள் நிறைய. அந்த விலங்கு பட்ட பாட்டை உள்ளே திறந்து பார்க்கிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. காயப்பட்டு ஓடித் தொலைந்த விலங்குக்கும் முழு விலை கட்ட வேண்டும் என்பது இங்கே பண்ணைகளின் வழக்கம், அதுவும் நியாயம்தான். உங்களைச் சோதித்துக்கொள்ள எளிய வழி: நண்பர் ஒருவரை உங்களுக்குத் தெரியாமல் பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றை மேகசினில் கலந்து வைக்கச் சொல்லுங்கள். அது வரும்போது வெடிக்காது. அந்த நொடியில் குழல் முனை கீழே குத்தினால் உதைப்புக்குப் பயப்படுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு படி இறங்கி வாருங்கள். சைலன்சர் போட்டால் உதைப்பும் குறையும், பக்கத்தில் நிற்கும் தடம் பார்ப்பவரின் காதும் தப்பும்.

குறியைப் பற்றிக் கொஞ்சம். ஆப்பிரிக்க மான்களின் இதயம் முன்கால்களுக்கு நடுவே, தாழ்வாக இருக்கும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலின் கோட்டில் நேராக மேலே வந்து, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். வில்டபீஸ்டின் திமிலும் பிடரிமயிரும் கண்ணை ஏமாற்றி உயரச் சுட வைக்கும். இந்த இடத்தில் சுட்டால் குண்டு தோள் எலும்பைச் சந்திக்கும் வாய்ப்பு அதிகம். உறுதியான குண்டு வேண்டும் என்று இத்தனை முறை சொல்வது அதனால்தான்.

காட்டெருமைக்கு மேலே சொன்ன எதுவும் ஆகாது. .375 எச் அண்ட் எச், 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்தது. பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு இதுதான் குறைந்தபட்ச அளவு. 300 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 770 மீட்டர். குண்டு தாழும் கணக்கு ஏறக்குறைய .30-06-இன் 180 கிரெய்ன் போலவே இருப்பதால் பழகுவது எளிது. ஆனால் உதைப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாழ்நாளில் ஒருமுறை காட்டெருமைக்குப் போகிறவர் இதைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்த்தால் அவருடைய துப்பாக்கியை நீங்கள் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. வழிகாட்டும் தொழில்முறை வேட்டைக்காரரிடம் முன்கூட்டியே பேசி, அவருடையதிலேயே பழகுங்கள்.

காலிபர் முடிவான பிறகு மூன்று வகைக் குண்டில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகூட ஒரே குண்டை விரும்பாது. குழல் ஆறியிருக்கும்போது, ஒவ்வொன்றிலும் மூன்று மூன்றாக 100 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். எது நெருக்கமாகக் கூடுகிறதோ அதில், பெட்டியின் பக்கத்தில் அச்சிட்ட லாட் எண் (ஒரே தடவையில் செய்த தொகுப்பின் எண்) ஒன்றாகவே இருக்கும்படி தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள். முள்காட்டுக்கு என்றால் 100 மீட்டரில் குண்டு குறியிலேயே விழும்படி ஸ்கோப்பை (குறி பார்க்கும் கண்ணாடி) நேராக வையுங்கள். வெட்டவெளிக்கு என்றால் 100 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் உயர விழும்படி வைத்தால் .308 சுமார் 200 மீட்டரில் நேராக வரும். 300-இல் ஒரு சாணுக்கு மேல் தாழ்ந்துவிடும், அங்கே சுடாதீர்கள். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர்களுடைய குறிப்பலகையில் ஒரு தடவை சுட்டுச் சரிபாருங்கள். மண்சாலைக் குலுக்கலில் ஸ்கோப் அசைந்திருக்கலாம்.