ஊறுகாய் ஜாடிகள் பெருகிவிட்டால் குறைப்பது எப்படி

தை பிறந்ததும் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள். மாசி பாதியில் மன்னார்குடி பந்தலடிப் பக்கம் மாவடுக் கூடைகள் வந்து இறங்கிவிடும். காம்போடு, உருண்டையாக, பால் வாசனையோடு அதைப் பார்த்துவிட்டால், வீட்டில் போன வருஷத்து வடு இரண்டு ஜாடி கிடப்பது யாருக்கும் நினைவுக்கு வராது. அதற்கு முன்னால் பழசைக் கணக்கெடுத்து முடித்துவிட வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம் விட்டு வெயில் ஏறத் தொடங்கும் நேரம் அது. நமுத்த வற்றலை மறுபடி காயவைக்கலாம், கழுவிய ஜாடி ஒரே நாளில் உலர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் தினமும் பன்னிரண்டு இலை விழும். நடவு, அறுப்பு என்றால் ஆள்களுக்கும் சேர்த்துச் சமையல். அத்தை மாவடுவை மரக்காலில்தான் அளப்பார். இப்போது நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். பெண் சென்னையில், பிள்ளை ஓசூரில். ஆனால் மரக்கால் அப்படியே இருக்கிறது. டெல்டாவில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். கூடவே ஐம்பதைத் தாண்டிய வீடுகளில் ரத்த அழுத்தமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்கும் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன்கூட முழுசாக இல்லை. குழம்பு, ரசம், பொரியல், மோர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்தக் கணக்கில் ஊறுகாய்க்கு மிஞ்சும் இடம் மிகச் சின்னது. அந்தச் சின்ன இடத்தில் நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். உக்கிராண அறையில் இருப்பது மட்டும் கணக்கில்லை. பரண்மேல் சாக்குக்குப் பின்னால் ஒன்று, ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்று, அடுப்பு மேடையில் தினமும் எடுப்பது ஒன்று என்று ஒரே எலுமிச்சங்காய் மூன்று இடத்தில் இருக்கும். செய்தித்தாள் விரித்து வரிசையாக வையுங்கள். வேடு கட்டிய துணிகளை அவிழ்த்துத் துவைக்கப் போடுங்கள். அன்றைக்கு எதையும் ருசி பார்க்க வேண்டாம். நாக்கில் பட்டுவிட்டால் எல்லாமே ‘இருக்கட்டுமே’ என்றாகிவிடும்.

பிரிக்கும்போது காய் வாரியாகப் பிரிக்காதீர்கள். எது அதைக் கெடாமல் காப்பாற்றுகிறது என்று பார்த்துப் பிரியுங்கள். எண்ணெய் காப்பாற்றுவது ஒரு வரிசை: தொக்கு, ஆவக்காய், பூண்டு, இஞ்சி. உப்புத் தண்ணீர் காப்பாற்றுவது ஒரு வரிசை: மாவடு, மாகாளி, நெல்லிக்காய். உப்பும் வெயிலும் சேர்ந்து காப்பாற்றுவது ஒரு வரிசை: நார்த்தங்காய், எலுமிச்சை, கிடாரங்காய். கடைசியாக, வெறுமனே உலர்ந்தவை: வற்றல், வடாம், அப்பளம். இந்த நாலும் ஒரே மாதிரி வயதாவதில்லை. எதைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும், எதை விட்டுவைக்கலாம் என்பது இந்தப் பிரிவிலேயே தெரிந்துவிடும்.

எண்ணெய் வரிசையில்தான் அவசரம். தொக்கின் மேல் நல்லெண்ணெய் மிதக்கும்வரை காற்று உள்ளே போகாது. கரண்டி கரண்டியாக எடுக்க எடுக்க எண்ணெய் கீழே இறங்கும், மேல்பரப்பு காய்ந்து வெளியே தெரியும். அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணம் கண்ணில் பட்டால் மேலாக வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். நமக்குத் தெரியும் பச்சைக்குக் கீழே அதன் இழைகள் ஓடியிருக்கும், முழு ஜாடியும் போகத்தான் வேண்டும். பூஞ்சணம் இல்லையென்றால் மோந்து பாருங்கள். காறல் வாடை வந்தால் அந்த எண்ணெயின் காலம் முடிந்துவிட்டது. மேலே புது எண்ணெய் காய்ச்சி ஊற்றினால் வாடை அடங்கியது போலத் தெரியும், நாலு நாளில் திரும்ப வரும். நன்றாக இருக்கும் தொக்கை மட்டும் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, எண்ணெய் மேலே நிற்கும்படி அமுக்கி, பங்குனிக்குள் தீர்க்கும் வரிசையில் வையுங்கள்.

பூண்டு ஊறுகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறோ புளியோ போதாமல், வதக்கிய பூண்டு எண்ணெயில் மூழ்கிக் கிடந்தால், காற்றில்லாத அந்த இடத்தில் போட்டுலினம் கிருமி நஞ்சை உண்டாக்கலாம். நன்றாகப் புளித்த பண்டத்தில், அதாவது பிஎச் 4.6-க்குக் கீழே, அது வளராது. நிறத்திலோ வாசனையிலோ இந்த நஞ்சு தெரியாது. அதனால் யார் போட்டது, எவ்வளவு புளிப்பு சேர்த்தது என்று தெரியாத பூண்டு ஊறுகாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போகட்டும். இதில் மட்டும் நான் யார் மனசையும் பார்ப்பதில்லை.

மாவடுவுக்கு வருவோம். கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் கல்லுப்புப் போட்டு, விளக்கெண்ணெய் தடவி, கடுகும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்த வடு அடுத்த மாவடுக் காலம்வரை நிற்கும். கையால் தொடாமல் ஒன்றை எடுத்து நறுக்கிப் பாருங்கள். தோல் சுருங்கி, உள்ளே கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று இருந்தாலோ, வழுவழுப்பாக நூல் இழுத்தாலோ வேண்டாம். தண்ணீர்மேல் வெள்ளை ஆடை மட்டும் படிந்திருந்து காய் கெட்டியாகவும் வாசனை சரியாகவும் இருந்தால், ஆடையை எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றித் திரும்ப ஊற்றுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அப்படிச் செய்த ஜாடியைச் சேமிப்பில் சேர்க்காமல் உடனே தீர்த்துவிடுங்கள்.

நார்த்தங்காய்தான் இந்தக் கூட்டத்தில் வயதாக ஆகச் சிறப்பது. சுருளாக நறுக்கி, உப்பை அடைத்து, ஊறியபின் பகலில் தட்டில் வெயில், இரவில் மறுபடி அதே உப்புநீர் என்று தண்ணீரெல்லாம் காய்க்குள் ஏறும்வரை காய்ந்தது அது. முதல் வருஷம் கசக்கும். அப்புறம் கசப்பு தணிந்து, நிறம் கருத்து, துளி கிள்ளி நாக்கில் வைத்தால் வாய் முழுக்க மணக்கும். காய்ச்சலில் வாய் கசந்து கிடப்பவருக்குக் கஞ்சியோடு முதலில் இறங்குவது இதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கம் கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போயிற்று. காய்கறி வண்டி வரவில்லை. தென்னைகள் விழுந்து கிடந்த கொல்லையைப் பார்த்தபடி, தெருவில் பாதி வீடுகள் வடித்த சோறும் நார்த்தங்காயுமாகச் சாப்பிட்டோம். அதனால் இந்த வரிசையைக் காலி செய்யுங்கள் என்று சொல்லவே மாட்டேன். காற்றுப் புகாத ஒரு பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.

ஆனால் ஒரு பாட்டில். எங்கள் வீட்டில் அத்தை கடைசியாகப் போட்ட நார்த்தங்காய் ஒரு பெரிய ஜாடி இருந்தது. அவர் போன பிறகு அதைத் திறக்கவே மனசு வரவில்லை. வீட்டுக்காரர்தான் ஒருநாள், “அம்மா இதை சாப்பிடத்தானே போட்டாங்க. நீ எடுத்து எல்லாருக்கும் குடு” என்றார். சின்னச் சின்னப் பாட்டிலாகப் பிரித்து நாத்தனார், கொழுந்தனார், பேரப்பிள்ளைகள் வீடு என்று ஆளுக்கு ஒன்று அனுப்பினோம். நாத்தனார் போனில் அழுதுவிட்டார், அடுத்த வாரமே தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் செய்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜாடி இருக்கும். அதைக் கடைசிக்கு ஒத்திப்போடாமல் நடுவிலேயே எடுத்துவிடுங்கள். அது நகர்ந்துவிட்டால் மற்றவை தானாக நகரும்.

உலர்ந்தவற்றில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அப்பளத்திலும் வடாமிலும் ஒன்றைப் பொரித்துப் பாருங்கள். சிவந்துபோய்ப் பழைய வாடை அடித்தால் போடலாம். சுண்டைக்காய், மணத்தக்காளி, மிதுக்கு வற்றல்களில் பூச்சி இல்லையென்றால் ஒரு வெயில் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மீந்து நிற்கும் ஒவ்வொரு ஜாடியிலும் சீட்டு ஒட்டி, போட்ட மாசமும் வருஷமும் எழுதி, கீழே அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு பெயர் எழுதுங்கள். பெயர் எழுத முடியாதது வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ‘யாராவது வந்தால்’ என்பதைப் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் களாக்காயில் வந்து நின்றது.

“இது யாருக்கு எழுதட்டும்?”

“தம்பி வந்தா சாப்பிடுவானே.”

“அவருக்குப் பல்லு கூசுது, போன பொங்கலுக்கே தொடலைங்க.”

களாக்காய் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. அவர்கள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் அது உயிர்.

வீட்டிலேயே தீர்க்க வேண்டியதைத் தட்டின் ஓரத்தில் வைத்துத் தீர்க்க முடியாது. சமையலுக்குள் கொண்டுவர வேண்டும். வடுவை நாலைந்து எடுத்துக் கொட்டை நீக்கி, தேங்காய், பச்சைமிளகாயோடு அரைத்துத் தயிரில் கலந்து கடுகு தாளித்தால் நல்ல பச்சடி. தயிரில் உப்புப் போடாதீர்கள், வடுவில் இருப்பதே போதும். வடுவெல்லாம் தீர்ந்தபின் மிஞ்சும் காரத் தண்ணீரில் பச்சைமிளகாயைக் கீறி ஊறப்போட்டுக் காயவைக்கலாம். மாங்காய்த் தொக்கு ஒரு கரண்டி, வாழைக்காய் வறுவலில் உப்பு, புளிப்பு, காரம் மூன்றுக்கும் சேர்த்து நிற்கும். அதிகம் கசக்கும் எலுமிச்சங்காயை வெல்லப்பாகில் ஒரு கொதி விட்டால் பிள்ளைகள் தோசைக்குத் தொட்டுக்கொள்வார்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி வற்றலோடு வேப்பம்பூ, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து வறுத்து அங்காயப்பொடி இடித்தால் இரண்டு மூன்று டப்பா ஒரே நாளில் காலியாகும். எந்த வேளைக்கு ஊறுகாய் சமையலுக்குள் போகிறதோ, அந்த வேளை தனியாகத் தட்டில் ஊறுகாய் கிடையாது. உப்புக் கணக்கு இல்லையென்றால் ஜாடி குறையும், மாத்திரை கூடும்.

கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் பக்கம் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். நீங்கள் கிண்ணத்தில் தொக்கு கொடுத்தால் அதே கிண்ணத்தில் தக்காளி ஊறுகாய் வரும். கணக்கு அப்படியே நிற்கும். திருப்ப வேண்டாத பாட்டிலில் கொடுங்கள், “பாட்டில் வேண்டாம், வச்சுக்குங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அளவு அரைப் பாட்டிலுக்கு மேல் வேண்டாம். புதுசாகக் குடித்தனம் வைத்தவர்கள், அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் பையன்கள், பிள்ளையை ஹாஸ்டலில் விட்டிருக்கும் வீடுகள், இவர்களிடம் முதலில் கேளுங்கள். நடவுக்கு வரும் பெண்களுக்குப் பழைய சோற்றோடு கொடுப்பதென்றால், நம் தட்டில் வைத்துக்கொள்ளும் ஜாடியிலிருந்தே எடுத்துக் கொடுங்கள். சந்தேகமானதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். விற்கலாமா என்று சிலர் கேட்பார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யாமல் ஊறுகாய் விற்கக் கூடாது, பழைய ஜாடிகளைத் தீர்ப்பதற்கு அது வழியும் இல்லை.

போட வேண்டியதைச் சாக்கடையில் கொட்டினால் எண்ணெய் அடைத்துக்கொள்ளும், செடிக்கு ஊற்றினால் உப்பில் கருகும், மாட்டுக்கும் ஆகாது. பையில் கட்டிக் குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள். எண்ணெய், காரம் இல்லாத வெறும் உப்புநீர் கொஞ்சம் இருந்தால், தண்ணீர் கலந்து தென்னந்தூரைச் சுற்றிப் பரவலாக ஊற்றலாம். தென்னை உப்பைத் தாங்கும், வாழை தாங்காது.

இனி மாசியில் மாவடு வாங்கப் போகும்போது கையில் சின்னப் பைதான் இருக்க வேண்டும். இரண்டு பேர் வீட்டுக்கு ஒரு கிலோ வடு ஒரு வருஷத்துக்குத் தாராளம். பிள்ளைகளுக்கு அனுப்புவதென்றால், எவ்வளவு வேண்டும் என்று போனில் கேட்டு அதை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். தொக்கு, வீட்டில் ஒரு பாட்டிலுக்கு மேல் எப்போதும் வேண்டாம், மாங்காய்க் காலத்தில் இரண்டு தடவையாகப் போட்டுக்கொள்ளலாம். நார்த்தங்காய், கொல்லையில் மரம் இருந்தால் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் போதும், நடுவருஷத்துக் காயைப் பழுக்கவிட்டுச் சாதத்துக்குப் பிழிந்துகொள்ளுங்கள். மரக்கால் பிடிக்கும் பெரிய ஜாடி காலியாகக் கண்முன் இருந்தால் நிரப்பத்தான் கை போகும். கழுவி, இரண்டு வெயில் காட்டி, ஒன்றில் இந்த வருஷத்துப் புளியையும் இன்னொன்றில் கல்லுப்பையும் கொட்டி மூடிவிடுங்கள்.