குறைமாதக் குழந்தையின் மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லாரிங்கோஸ்கோப்பின் (தொண்டைக்குள் பார்க்க உதவும், பிளேடும் விளக்கும் கொண்ட கருவி) பல்பு எரிகிறதா என்று பார்க்காதது, சக்‌ஷன் குழாயைத் தேடி அலைவது போன்றவை ஒரு தடவை திட்டு வாங்கினால் போய்விடும். கீழே உள்ளவை அப்படிப் போவதில்லை.

மாஸ்க்கைச் சீக்கிரம் கைவிடுவது

மாஸ்க் வழியே காற்றுச் செலுத்தியும் மார்பு எழவில்லையா? முதலில் மாஸ்க் பதிந்திருக்கிறதா, கழுத்து அளவாக நிமிர்ந்திருக்கிறதா, வாயில் சளி உள்ளதா என்று பாருங்கள். பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். டியூப் அதற்குப் பின்தான்.

அளவு

குழந்தையின் எடை 1 கிலோவுக்குக் கீழ் என்றால் டியூபின் உள்விட்டம் 2.5 மி.மீ., 1 முதல் 2 கிலோ வரை 3.0. நேரான பிளேடு, அளவு 0. மிகச் சிறிய குழந்தைக்கு 00.

நேரம்

ஒரு முயற்சிக்கு 30 விநாடி. முடியவில்லையா, எடுத்துவிட்டு மாஸ்க்.

ஆழத்தைக் கோட்டைவிடுவது

எத்தனை சொன்னாலும் திருந்தாதது இதுதான். குரல் நாணைத் தாண்டியதுமே எல்லாருக்கும் நிம்மதி. உதட்டருகே டியூபில் என்ன எண் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கிலோ எடையோடு 6 கூட்டி, உதட்டருகே வரவேண்டிய செ.மீ. எண்ணைச் சொல்லும் பழைய கணக்கு 750 கிராமுக்குக் கீழே ஆழத்தைக் கூட்டிக் காட்டும். 25 வாரத்தில் பிறந்த 700 கிராம் குழந்தை என்றால் கணக்கு 6.7 செ.மீ. சொல்லும், கர்ப்ப வாரத்தை வைத்துப் போட்ட அட்டவணை 6 செ.மீ.தான் சொல்கிறது. இந்தச் சின்ன மூச்சுக்குழாயில் அந்த 7 மி.மீ. போதும், நுனி வலது கிளைக்குள் இறங்கிவிடலாம். அது தெரியாமல் சர்ஃபாக்டன்ட் (நுரையீரல் சுருங்காமல் காக்கும் மருந்து) கொடுத்தால் பெரும்பகுதி வலது நுரையீரலுக்கே போகும். வலது பக்கம் அளவுக்கு மீறி விரிந்து காற்றுக் கசிவு வரலாம். இடது சுருங்கியே கிடக்கும்.

மூக்குத் தண்டின் அடியிலிருந்து காதுத் துளைக்கு முன்னுள்ள சிறு மேடு வரை அளந்து 1 செ.மீ. கூட்டினாலும் உத்தேச ஆழம் கிடைக்கும். இரு அக்குளிலும் மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். இடது மந்தமாக இருந்தால் கேட்டுக்கொண்டே மெல்ல இழுங்கள். சின்ன மார்பில் சத்தம் மறுபக்கமும் பரவும் என்பதால் ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பி முடிவுகட்ட வேண்டாம். எக்ஸ்ரேயில் நுனி மார்பு முள்ளெலும்பு 1, 2 அளவில் தெரிய வேண்டும்.

பிளாஸ்டர் ஒட்டும்போது இன்னொரு கூத்து: ஒட்டுகிறவர் வசதிக்காகத் தலையைக் குனியவைப்பார், டியூப் உள்ளே நகரும். ஒருவர் டியூபை விரலால் மேலண்ணத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒட்டிய பின் எண்ணை மறுபடி படியுங்கள்.

ஸ்டைலெட்

டியூபை விறைப்பாக்க உள்ளே விடும் கம்பி இது. அதன் நுனி டியூபைத் தாண்டி நீட்டக் கூடாது.

நிறம் மாறவில்லை என்று பிடுங்குவது

டியூபில் மாட்டும் கார்பன் டை ஆக்சைடு காட்டி (வெளிமூச்சிலுள்ள அந்த வாயு பட்டால் நிறம் மாறும்) மஞ்சளாகாவிட்டால் டியூப் உணவுக்குழாயில் இருக்கலாம். ஆனால் இதயத்துடிப்பு மிகக் குறைவாக இருக்கும்போது, சரியான இடத்தில் இருந்தாலும் நிறம் மாறாமல் போகலாம். பிளேடை வைத்து நேரில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சூடு

32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குப் பிளாஸ்டிக் உறையை டியூபுக்காக விலக்காதீர்கள். தலை மட்டும் வெளியே இருந்தால் போதும்.